தியேட்டரில் ஒரு கேமரா: அறுவைசிகிச்சையைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு

"தியேட்டருக்குக் கிளம்பறேன்" என்றால் புதிதாகச் சம்பந்தம் செய்த வீட்டில் "என்ன படம் மாப்பிள்ளை?" என்று கேட்பார்கள். படம்தான். காலை ஏழரைக்கு ஷோ, மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும்.

அறுவைசிகிச்சையைப் படமெடுப்பது தனித் தொழில். கல்யாண வீடியோவில் கை தேர்ந்தவர்கள், விஸ்காம் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியனாக இருந்துகொண்டே கேமராவில் ஆசை வைத்தவர்கள் என்று பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். கேமராவை இயக்கத் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். உள்ளே போன முதல் பத்து நிமிடத்தில் அந்த நம்பிக்கை கரைந்துவிடும். வேறு என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வேலை எங்கே இருக்கிறது?

மருத்துவக் கல்லூரிகளில் புகைப்பட, ஆடியோ விஷுவல் பிரிவு என்று ஒன்று உண்டு. போட்டோகிராபர், ஆர்ட்டிஸ்ட், மாடலர், டார்க் ரூம் உதவியாளர் என்பவை அங்கிருந்த பழைய பணியிடங்கள். டார்க் ரூம் போய் எடிட்டிங் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வேலை இன்னும் இருக்கிறது. பெரிய கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் படமெடுக்கவே ஆள் வைத்திருப்பார்கள். இவை தவிர, கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் நாள் கணக்கில் கூப்பிடும் ஃப்ரீலான்ஸ் வேலை இருக்கிறது.

ஒரு சர்ஜன் உங்களை அழைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் சார்?" முதுகலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த என்றால் ஒவ்வொரு கட்டமும் முழுதாக வேண்டும். கருத்தரங்கு என்றால் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். மருத்துவ இதழுக்கு என்றால் அந்த இதழ் சொல்லும் அளவும் வடிவமும் வேண்டும். தன் கைவேலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள என்றால் ஒரே கோணத்தில் வெட்டில்லாமல் ஓடும் பதிவு போதும். இதைக் கேட்காமல் போனவர் மூன்று மணி நேரம் எடுத்துவிட்டு, தேவையான முப்பது விநாடியை விட்டுவிட்டு வருவார்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அறுவைசிகிச்சை வீடியோவை மட்டும் நம்பி வண்டி ஓடாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள், ஆறிவரும் புண், வெட்டி எடுத்த கட்டி ஆகியவைதான் அன்றாட வரும்படி. முன்-பின் படங்களில் தூரம், லென்ஸ், வெளிச்சம், பின்னணி நான்கும் மாறக் கூடாது. மாறினால் தழும்பு ஆறியதா, விளக்கு மாறியதா என்று சொல்ல முடியாது. வெட்டி எடுத்த உறுப்பை ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். போட்ட பிறகு நிறம் மாறிவிடும். ரத்தத்தை ஒற்றி எடுத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நிழல் விழாமல் எடுக்க வேண்டும். லேப் ஆள் வாசலில் காத்திருப்பார் என்பதால் அதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான்.

முந்தின நாள் வேலை

நல்ல பதிவு முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும். சர்ஜனோடு பத்து நிமிடம் உட்காருங்கள். தோலைத் திறப்பது முதல் தையல் போடுவது வரை எத்தனை கட்டம், எந்தக் கட்டம் முக்கியம், அவர் எந்தப் பக்கம் நிற்பார், உதவியாளர் எந்தப் பக்கம், நோயாளியின் தலை எங்கே என்று ஒரு தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். அதே அறுவைசிகிச்சையின் பழைய பதிவு இருந்தால் இரண்டு முறை பாருங்கள். சர்ஜன் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பது தெரியாதவருக்கு ஃபோகஸ் எப்போதும் ஒரு விநாடி பின்னால்தான் வரும்.

கேமராப் பையை ஓ.டி.க்குள் கொண்டுபோகாதீர்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் தரையில் வைத்த பை அது. கேமராவின் உடல், லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மருத்துவமனை தரும் கிருமிநாசினித் துணியால் வெளியிலேயே துடைத்து, தேவையானதை மட்டும் ட்ராலியில் வைத்து உள்ளே எடுத்துச் செல்லுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கைக்கயிறு எல்லாம் லாக்கரில் இருக்கட்டும். தொப்பிக்குள் முடி முழுவதும் அடங்க வேண்டும். முகக்கவசம் மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். செருப்பு ஓ.டி. செருப்புதான்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த வேலைக்கு வராதீர்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. மருத்துவமனை ஊழியருக்கு நிர்வாகமே போட்டுவிடும். ஃப்ரீலான்ஸ் ஆளை யாரும் நினைவு வைத்துக் கூப்பிட மாட்டார்கள். நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

முப்பது சென்டிமீட்டர்

ஓ.டி.க்குள் தொடக் கூடியது, தொடக் கூடாதது என்று இரண்டு உலகம். கிருமி நீக்கிய துணி போர்த்திய டேபிள், கருவிகள் பரப்பிய ட்ராலி, கவுன் போட்டவர்கள் எல்லாம் ஸ்டெரைல். நீங்கள் இல்லை. ஸ்டெரைல் பகுதியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்பது நடைமுறை. ஒரு முழத்துக்கும் குறைந்த தூரம்தான். வ்யூஃபைண்டரில் கண் வைத்தவருக்கு அந்த தூரம் தெரியாது என்பதுதான் சிக்கல். கழுத்தில் தொங்கும் கேமராப் பட்டை ட்ராலியில் பட்டால் கருவிகள் அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். அதனால் பட்டையைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஸ்டெரைல் பகுதிகளுக்கு நடுவே நடக்காதீர்கள். சுற்றிக்கொண்டு போங்கள். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டு விழும். சொல்லாமல் விட்டால் நோயாளிக்குச் சீழ் வைக்கும்.

உள்ளே உங்களுக்கு மேலதிகாரி சர்ஜன் என்று நினைப்பீர்கள். நடைமுறையில் அது தியேட்டர் சிஸ்டர். எங்கே நிற்கலாம், எப்போது குறுக்கே போகலாம், எந்த ப்ளக் பாயிண்ட்டைத் தொடலாம் என்பதெல்லாம் அவர் வாக்கு. போனதும் முதல் வணக்கம் அவருக்கு. மயக்க மருந்து டாக்டரின் இடம் நோயாளியின் தலைமாடு. அங்கிருந்து நல்ல கோணம் கிடைக்கும் என்பதால் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஆசை. கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் போங்கள். அவருடைய மானிட்டரை மறைக்கக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, தோலில் கத்தி வைக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, குழுவில் உள்ளவர்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நீங்களும் சொல்லுங்கள்: பெயர், படமெடுக்க வந்திருக்கிறேன், இவர் அழைத்தார். அறையில் ஒரு அந்நியர் நிற்கிற உறுத்தல் அதோடு போய்விடும். முடிவில் சிஸ்டர் துணிகளையும் ஊசிகளையும் எண்ணும்போது வாயைத் திறக்காதீர்கள். எண்ணிக்கை தவறினால் வயிற்றைத் தைக்க முடியாது.

வெளிச்சம் செய்யும் விளையாட்டு

ஓ.டி. விளக்கின் வெளிச்சத்துக்குச் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் எல்லை 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை. உச்சி வெயிலே ஒரு லட்சம் லக்ஸ் அளவுதான். அந்த வெயில் ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் விழுகிறது. சுற்றியுள்ள அறை அதற்குப் பக்கத்தில் இருட்டு. கேமராவை ஆட்டோவில் விட்டால் அது பச்சைத் துணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். நடுவில் இருக்கும் திசு வெள்ளையாக வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் கையால் வையுங்கள். விளக்கு எரிந்ததும், துணி போர்த்துவதற்கு முன், சாம்பல் நிற அட்டையை அந்த வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். கல்லீரல் கல்லீரல் நிறத்தில் இருக்க வேண்டும். அழகுக்காக நிறத்தைக் கூட்டிக் குறைத்தால், அந்தப் படத்தைப் பார்த்துக் கற்கும் மாணவர் நாளைக்கு நோயைத் தவறாகப் படிப்பார்.

ஈரமான திசு கண்ணாடி மாதிரி பளபளக்கும். போலரைசர் ஃபில்டர் அதைக் குறைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் விளக்கு துடிப்பது பெரும்பாலும் தெரியாது. எல்.இ.டி. விளக்குகள் சில அதற்கும் அடங்காது. முந்தின நாளே சோதித்துப் பாருங்கள். ஃப்ளாஷ் போடுவதாக இருந்தால் சர்ஜனிடம் சொல்லிவிட்டுத்தான். ரத்தக்குழாயில் ஊசி வைத்திருப்பவர் கண்ணில் மின்னல் அடிக்கக் கூடாது.

கேமரா எங்கே நிற்கும்?

திறந்து செய்யும் அறுவைசிகிச்சையில் உங்கள் முதல் எதிரி சர்ஜனின் தலை. அவர் குனிந்தால் படம் தொப்பியாகிவிடும். தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதைவிட, உயரமான ஸ்டாண்டில் நீண்ட கை வைத்து மேலிருந்து எடுப்பது நல்லது. ஸ்டாண்டின் காலில் மணல்மூட்டை கட்டாயம். டேபிளுக்கு மேலே தொங்கும் எதற்கும் இரண்டாவது கட்டு ஒன்று வேண்டும். நெற்றியில் மாட்டும் சிறு கேமரா சர்ஜன் பார்க்கும் அதே காட்சியைத் தரும். ஆனால் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கையால் எடுக்கும்போது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் தள்ளி நின்றே நெருக்கமாக எடுக்கலாம்.

லேப்ராஸ்கோப்பியிலும் கண் அறுவைசிகிச்சையிலும் கதை வேறு. கேமரா ஏற்கெனவே வயிற்றுக்குள்ளோ மைக்ராஸ்கோப்பிலோ இருக்கிறது. பிடித்திருப்பவர் உதவி டாக்டர். உங்கள் வேலை சிக்னலை வாங்கிப் பத்திரமாகப் பதிவது. எந்த மெஷினில் எந்த அவுட்புட், எந்த கேபிள், எந்த ரெக்கார்டர் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு இங்கே தனி மரியாதை. திசுவை மின்சாரத்தால் கருக்கும் மோனோபோலார் காட்டரியை அழுத்தும்போதெல்லாம் திரையில் கோடு விழுந்தால் உங்கள் கேபிள் அதன் வயரோடு பின்னிக் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பிரித்துப் போடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் பதிவு தொலையும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். எஃப்.ஏ.டி.32 என்று ஃபார்மேட் செய்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலாக எழுதாது. பேட்டரியை முக்கியக் கட்டம் வரும் முன்பே மாற்றுங்கள், வரும்போது அல்ல. மயக்க மருந்து மெஷின் செருகியிருக்கும் இடத்தில் சார்ஜரைச் செருகாதீர்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே இருக்கும் அறையில் ஈயக் கவசம் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

தலை சுற்றினால்

சுற்றும். முதல் நாள் பலருக்கும் சுற்றும். ரத்தத்தைவிட, காட்டரியில் திசு கருகும் வாசனையும் எலும்பை அறுக்கும் சத்தமும்தான் ஆளைச் சாய்க்கும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றுங்கள். காது அடைத்து வியர்த்தால், "சிஸ்டர், எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தவரைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே இருக்கிற டாக்டர்களில் பாதிப் பேர் மாணவர்களாக இருந்தபோது அப்படி உட்கார்ந்தவர்கள்தான். முன்னால் விழுந்தால்தான் வம்பு.

நோயாளிக்குக் காது கேட்கும்

கண்புரை அறுவைசிகிச்சையில் பெரும்பாலும் கண் மட்டும்தான் மரத்துப்போயிருக்கும். சிசேரியனில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்திருப்பார்கள். இரண்டிலும் நோயாளி விழித்திருக்கிறார். "அட, சூப்பர் ஷாட்!" என்று நீங்கள் சொல்வது திரைக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கும். "ஐயோ" என்பதும் கேட்கும். வீட்டுக்குப் போன பிறகும் அந்த "ஐயோ"வை அவர் மறக்க மாட்டார். சைகையில் பேசப் பழகுங்கள்.

எடிட்டிங்கில் நேர்மை

மூன்று மணி நேரத்தை எட்டு நிமிடமாக்கும்போது உங்கள் கையில் பெரிய அதிகாரம் வருகிறது. கட்டங்களின் வரிசையை மாற்றாதீர்கள். இடதை வலமாகத் திருப்பாதீர்கள். வேகமாக ஓட்டினால் திரையில் 'நான்கு மடங்கு வேகம்' என்று எழுதுங்கள். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தொடக்கத்திலேயே அம்புக்குறி போடுங்கள். நடுவில் ரத்தம் பீறிட்டு அதை அடக்கிய நான்கு நிமிடம் இருந்தால், "அதை எடுத்துடலாமே" என்று சொல்லிப் பார்ப்பார்கள். இருக்கட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு அந்த நான்கு நிமிடம்தான் பாடம். முடிவு சர்ஜனுடையது. ஆனால் மூலப் பதிவு வெட்டில்லாமல் மருத்துவமனையின் பாதுகாப்பில் இருக்க வேண்டும்.

அடையாளம் தெரியக் கூடாது என்றால் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற பழைய பழக்கம் செல்லாது. முன்கையில் பச்சை குத்திய பெயர், மச்சம், மணிக்கட்டுப் பட்டை, மானிட்டரின் மூலையில் ஓடும் பெயரும் எண்ணும், மயக்க மருந்து டாக்டர் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் எல்லாமே காட்டிக்கொடுக்கும். லேப்ராஸ்கோப்பைத் துடைக்க வெளியே எடுக்கும்போது அது அறையையும் முகங்களையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டுங்கள்.

படம் யாருடையது?

பாரிஸ் நகரத்து சர்ஜன் யூஜின் லூயி தொயேன் 1898-லேயே தன் அறுவைசிகிச்சைகளைப் படமாக்கத் தொடங்கியவர். 1902-ல், ஒடிசாவில் ஒட்டிப் பிறந்து சர்க்கஸ் காட்சிப் பொருளாக ஐரோப்பா போன ராதிகா, தூதிகா என்ற சிறுமிகளை அவர் பிரித்தெடுத்தார். அதையும் கேமரா பதிவு செய்தது. சில நாட்களில் தூதிகா இறந்தாள். அடுத்த ஆண்டு ராதிகாவும். தொயேனிடம் வேலை பார்த்த கேமராக்காரர் பார்னலான், அவருடைய படங்களின் பிரதிகளை அனுமதியில்லாமல் விற்க, மருத்துவர்களுக்கென்று எடுத்தது பொழுதுபோக்குக் கொட்டகைகளில் ஓடியது. தொயேன் வழக்குப் போட்டார். 1905-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. படம் டாக்டருக்கா, கேமராக்காரருக்கா என்பதுதான் வழக்கு. டேபிளில் கிடந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை.

நம் தொழிலின் முதல் பெரிய களவைச் செய்தவர் ஒரு கேமராக்காரர். இதை மறக்காமல் இருப்பது நல்லது.

இன்றைக்கு நோயாளிக்கு இடம் இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, அடையாளம் தெரியும்படியான படத்தை நோயாளியின் அனுமதியில்லாமல் டாக்டர் வெளியிடக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையையும் பேசுகிறது. நேரடி ஒளிபரப்பு நோயாளிக்கு ஆபத்தா என்ற கேள்வி அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. லைவ் வேலை வந்தால் கூடுதலாக யோசியுங்கள். கேள்வி கேட்கும் அரங்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே கத்தி பிடிப்பது எல்லோருக்கும் கைவராது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. அறுவைசிகிச்சைக்கான ஒப்புதலும் படமெடுப்பதற்கான ஒப்புதலும் தனித்தனித் தாள். நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். பதிவேட்டுக்கு, பாடத்துக்கு, வெளியீட்டுக்கு, ஒளிபரப்புக்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். முந்தின நாளே, தெளிவாக இருக்கும்போது வாங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்த பிறகு நீட்டும் தாளில் யாரும் "மாட்டேன்" என்று எழுத மாட்டார்கள். பதிவை உங்கள் சொந்த போனில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சர்ஜன் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

கூலியும் தாளும்

பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கேஸுக்கா, அரை நாளுக்கா? காத்திருக்கும் நேரத்துக்கு உண்டா? (ஏழரை கேஸ் பதினொன்றுக்குத் தொடங்குவது சகஜம்.) கேஸ் கடைசி நிமிடத்தில் தள்ளிப்போனால் எவ்வளவு? எடிட்டிங் தனியா? எத்தனை முறை திருத்தம்? மூலப் பதிவு யாரிடம் இருக்கும், உங்களிடமிருந்து எப்போது அழிக்க வேண்டும்? உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "கூடாது" என்பதே பதில். அதனால் கோழிக்கறியையோ ஆட்டு ஈரலையோ வைத்து ஓ.டி. வெளிச்சத்தில் எடுத்த மாதிரிப் படங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஈரத் திசுவை உங்களுக்கு எடுக்கத் தெரியும் என்பதை அதைவிடச் சுலபமாகக் காட்ட வழி இல்லை.

படிப்பு என்று பார்த்தால் விஸ்காம், ஆப்டோமெட்ரி, ஓ.டி. டெக்னாலஜி எதிலிருந்தும் வரலாம். உடற்கூறியலைக் கொஞ்சம் தனியாகப் படியுங்கள். உறுப்பின் பெயர் தெரியாமல் அதற்கு ஃபோகஸ் வைக்க முடியாது. பிரிட்டனில் 1968-ல் தொடங்கிய மருத்துவப் பட வல்லுநர் கழகமும், அமெரிக்காவில் 1931-ல் உயிரியல் புகைப்படக்காரர் சங்கம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பும் இத்துறைக்குத் தரம் வகுத்தவை. கண் படத்துக்கென்று சான்றிதழ் தேர்வே உண்டு. ஆனால் உள்ளூரில் முதல் கதவைத் திறப்பது, ஒரு மருத்துவமனையின் ஆடியோ விஷுவல் பிரிவில் மூன்று மாதம் கேபிள் சுருட்டுவதுதான்.

கடைசியாக ஒன்று. டேபிள் தயாராகி, விளக்கு எரிந்து, எல்லோரும் காத்திருக்கும்போதும், பட்டனை அழுத்தும் முன் சிஸ்டரிடம் கேட்டு, படமெடுப்பதற்கான ஒப்புதல் தாளில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லென்ஸை மூடிவிட்டு வெளியே வந்து டீ குடியுங்கள். அன்றைய கூலி போகும். அடுத்த கேஸுக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.